மறுபடியும் அதே கம்பெனியா?

பாப்பாவுக்கு,

பழைய கம்பெனியிலிருந்து திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்று நீ போனில் சொன்னபோதே உன் சந்தோஷம் புரிந்தது. விட்டுவந்த இடத்திலிருந்து தேடிக் கூப்பிட்டால் யாருக்குத்தான் பிடிக்காது? அம்மா உடனே "போகட்டுமே" என்றாள். நான் பேசாமல் போனை அவளிடம் கொடுத்துவிட்டேன். சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளம், அதனால்தான் எழுதுகிறேன்.

நானும் அப்படித் திரும்பிப் போனவன்தான். நீ அப்போது இரண்டாம் வகுப்பு. வேலையை விட்டு இரண்டு வருஷம் கழித்து முதலாளியே கூப்பிட்டார், சம்பளமும் கூட்டித் தந்தார். முதல் நாள் கணக்குப் பிரிவுக்குள் நுழைகிறேன், அலமாரியில் நான் ஒட்டிய சீட்டு அப்படியே இருக்கிறது. 'வரவேண்டிய பாக்கி' என்று என் கையெழுத்து, ஒரு மூலை மட்டும் உரிந்திருந்தது. வீட்டுக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அப்படியே இருந்தது சீட்டு மட்டுமில்லை. மாதக் கடைசியில் நாலு பேர் வேலையை இரண்டு பேர் நடுராத்திரி வரை இழுத்துச் செய்வோம். எதற்காக முன்பு விட்டேனோ, அதுவும் அப்படியேதான் இருந்தது. பழைய குருடி கதவைத் திறடி! சேருவதற்கு முன் அதைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. கூப்பிட்டார்களே என்ற பெருமையில் கேட்கத் தோன்றவில்லை.

மாறியதும் ஒன்று உண்டு. நான் வவுச்சர் எழுதச் சொல்லிக்கொடுத்த பையன் எனக்கு மேலே வந்திருந்தான். "அண்ணா" என்றுதான் கூப்பிடுவான், ஆனால் என் லீவு லெட்டரில் கையெழுத்துப் போடுவது அவன். அவன்மேல் தப்பில்லை. "அப்போதெல்லாம் நாங்கள் இப்படித்தான் செய்வோம்" என்று எதற்கெடுத்தாலும் ஆரம்பித்தது நான்தான். பதினோராம் மாதம் மறுபடியும் விலகினேன். முதல் ராஜினாமாவை அரைப் பக்கம் எழுதியவன், இரண்டாவதை இரண்டே வரியில் முடித்தேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். 'வளர்ச்சி இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய். ராத்திரி ஒரு மணிக்கு என்னிடம் அழுதுகொண்டே சொன்ன காரணம் வேறு. அந்த மேலாளர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா? நீ வந்த பிறகு உன் இடத்தில் எத்தனை பேர் இருந்து போனார்கள்? உள்ளே இருக்கும் சிநேகிதியிடம் இதை மட்டும் கேள். ஒரே ஆள் இத்தனை நாள் இருந்துவிட்டு இப்போதுதான் போகிறார் என்றால் சரி. மூன்று பேர் வந்து ஓடியிருந்தால் அப்புறம் நான் சொல்ல எதுவும் இல்லை.

சித்தப்பா ஸ்டீவ் ஜாப்ஸ் உதாரணம் சொன்னாராமே. 1985-ல் ஆப்பிளை விட்டவர் 1997-ல் திரும்பி வந்து தூக்கி நிறுத்தினார், உண்மைதான். ஆனால் அவர் இடையில் தொடங்கிய நெக்ஸ்ட் கம்பெனியை ஆப்பிள் விலைக்கு வாங்கியதால் அல்லவா உள்ளே வந்தார்? நமக்கு வருவது வெறும் ஆஃபர் லெட்டர்.

அந்த லெட்டரை நிதானமாகப் படி. பழைய பணிக்காலம் சேருமா, முதலிலிருந்து எண்ணுவார்களா, மறுபடியும் தகுதிகாண் காலம் உண்டா, யாருக்குக் கீழே வேலை, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். "நம்ம பொண்ணுதானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். சம்பளத்தைப் பழைய சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பேசவே பேசாதே, இன்றைக்கு வெளியில் உனக்கு என்ன கிடைக்குமோ அதை வைத்துப் பேசு.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வேலை உனக்குப் பிடித்த வேலை, அது எனக்குத் தெரியும்.

அலமாரி ஒழித்தபோது உன் பழைய விசிட்டிங் கார்டு ஒரு கட்டு கிடைத்தது. தூக்கிப் போடவா என்கிறாள் அம்மா. பின்பக்கம் கணக்கு எழுத ஆகும் என்று நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

அப்பா