உகாண்டா மருத்துவ ஊழியக் குழு: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

கனம் சேகர ஆயர் அவர்களுக்கும், தலைவர் டாக்டர் அம்மா அவர்களுக்கும், கமிட்டி அங்கத்தினர்களுக்கும், சபையாருக்கும் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள். 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான அறிக்கையைப் பொதுக்குழு முன் பணிவுடன் வைக்கிறேன்.

இந்த ஆண்டு நாம் உகாண்டாவுக்குப் போகவில்லை. மே மாதம் புறப்படுவதாக இருந்த பயணம் 2026 ஜூலைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதனால் இந்த அறிக்கை முழுவதும் ஆயத்தங்களைப் பற்றியதாகவே இருக்கும். கூட்டங்கள் வழக்கம்போல் இரண்டாம் சனிக்கிழமைகளில் நடந்தன.

பயணம் தள்ளிப்போன காரணம்

ஜனவரி 30ஆம் தேதி, தலைநகர் கம்பாலாவில் எபோலா பரவியிருப்பதாக உகாண்டா சுகாதார அமைச்சகம் அறிவித்தது. முதலில் இறந்தவர் முலாகோ மருத்துவமனையில் வேலை செய்த ஆண் செவிலியர். பரவியது எபோலாவின் சூடான் வகை வைரஸ். இன்னொரு வகையான சாயிர் வகைக்கு அனுமதி பெற்ற தடுப்பூசி இருக்கிறது, இதற்கு இல்லை.

பிப்ரவரிக் கூட்டத்தில் நீண்ட நேரம் பேசினோம். கர்த்தர் அழைத்திருக்கும்போது பின்வாங்கலாமா என்று சிலர் கண்ணீரோடு கேட்டார்கள். அந்த ஆர்வத்தைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. ஆனால் நம்மை அழைத்த சுகாதார மையத்துப் பொறுப்பாளரே, “இப்போது எங்களுக்கு விருந்தாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, பிறகு வாருங்கள்” என்று எழுதியிருந்தார். அவர் சொல்லுக்கு மேல் நமக்கு வேறு வழிகாட்டுதல் தேவையில்லை என்று தலைவர் சொன்னதைக் கமிட்டி ஏற்றுக்கொண்டது. கடைசி நோயாளி மார்ச் 14 அன்று வீடு திரும்பினார். தொற்றியவருக்கு அறிகுறி தெரிய அதிகபட்சம் 21 நாள் ஆகும். அதன் இரட்டிப்பான 42 நாள்களில் புதிதாக ஒருவருக்கும் நோய் வராததால், ஏப்ரல் 26 அன்று பரவல் முடிந்ததாக அறிவித்தார்கள். உறுதியான நோயாளிகள் 12 பேர், நோய் இருந்திருக்கலாம் என்று கணிக்கப்பட்டவர்கள் 2 பேர், இறந்தவர்கள் 4 பேர். அந்த வாரங்களில் காப்பு உடையோடு வார்டுகளில் நின்ற உகாண்டா செவிலியர்களுக்காக நம் பெண்கள் ஐக்கியச் சங்கம் வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம் நடத்தியது.

2026 ஜனவரியில் அங்கே பொதுத்தேர்தல். ஏப்ரல், மே மாதங்களில் மழை. ஆகவே வறண்ட பருவமான ஜூலையைத் தேர்ந்தோம்.

அவர்கள் கேட்டது

நாம் போகவிருப்பது கிழக்கு உகாண்டாவில் புசோகா பகுதியிலுள்ள ஒரு கிராம சுகாதார மையம். நம் சி.எஸ்.ஐ. போலவே ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் இருக்கும் உகாண்டா திருச்சபை அதை நடத்துகிறது. என்ன வேண்டும் என்று கேட்டு எழுதினோம். பெரிய மருத்துவ முகாம் போடச் சொல்வார்கள் என்றுதான் பலரும் நினைத்திருந்தோம். வந்த பட்டியலில் முகாம் இல்லை. பிறந்தவுடன் அழாத குழந்தையை முதல் ஒரு நிமிடத்துக்குள் முகமூடியும் பையும் வைத்து மூச்சுவிட வைக்கும் பயிற்சியை மருத்துவச்சிகளுக்குத் தர வேண்டும். பழுதாகிக் கிடக்கும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரையும் ஸ்டெரிலைசரையும் சரிசெய்ய ஒருவர் வேண்டும். இரத்த அழுத்தம், சர்க்கரை நோயாளிகளுக்குப் பதிவேடு தொடங்க உதவ வேண்டும். நான்காவது, ஜிகர் நோய்க்கு உதவி. மண் தரையில் வாழும் ஒரு வகைத் தெள்ளுப்பூச்சி காலுக்குள் புகுந்து முட்டையோடு பருத்து வீங்குகிற நோய் அது. ஒரே ஊசியால் பலருக்கும் தோண்டி எடுப்பதால் வேறு தொற்றுகளும் பரவுகின்றன. டைமெத்திகோன் எண்ணெய் தடவினால் தோண்டவே வேண்டியதில்லை.

இந்தப் பட்டியலால் குழுவின் அமைப்பே மாறியது. மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் நம் எலக்ட்ரீஷியன் தம்பியின் பெயர்தான் இப்போது முதலில் இருக்கிறது. அங்கே 240 வோல்ட், பிளக் மட்டும் இங்கிலாந்து மாதிரி சதுர முனை என்பதால், அதற்கேற்ற பிளக்குகளையும் ஃபியூஸ்களையும் இப்போதே வாங்கிவிட்டார். குழந்தைப் பயிற்சிக்கு வேண்டிய பொம்மையை வைத்து நம் செவிலியர்கள் பாரிஷ் ஹாலில் மாதந்தோறும் பழகுகிறார்கள்.

நெய்யூர் மருத்துவ ஊழியத்தின் பலனை அனுபவித்த மாவட்டம் நம்முடையது. 1838-ல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே அதைத் தொடங்கினார். 1922-ல் எவரெஸ்ட் பயணம் முடித்து வந்த ஹோவர்ட் சோமர்வெல், நெய்யூரில் ஒரே அறுவை மருத்துவர் படும் பாட்டைப் பார்த்து, லண்டன் வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே வந்து தங்கினார். நாம் சில நாள்கள் மட்டும் போகிறவர்கள். தங்கி உழைக்கிறவர்களுடைய கையைப் பலப்படுத்திவிட்டு வருவதே நம்மால் கூடியது என்பது என் உறுதியான எண்ணம்.

மருந்துகள்

இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சபையில் சிலருக்கு மனவருத்தம் உண்டு. அறுப்பின் பண்டிகைக்குப் பிறகு பலர் அன்போடு அட்டைப்பெட்டிகளில் மருந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். டாக்டர்களுக்குக் கிடைத்த சாம்பிள்கள், வீட்டில் மீந்த மாத்திரைகள், ஆறு மாதத்தில் காலாவதியாகும் டானிக்குகள். அவற்றை எடுத்துச்செல்வதில்லை என்று கமிட்டி தீர்மானித்தது. மருந்து நன்கொடைக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த நெறிகள் தெளிவானவை: அங்கே போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் இருக்க வேண்டும், சாம்பிளும் திரும்பி வந்த மருந்தும் கூடாது, அந்த நாட்டில் அனுமதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். உகாண்டாவின் தேசிய மருந்து ஆணையத்தின் அனுமதியும் தேவை. நமக்கு ஆகாததை ஏழைக்குக் கொடுப்பது காணிக்கை ஆகாது.

அதற்குப் பதிலாக, கம்பாலாவில் கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் மருத்துவ அமைப்புகள் 1979 முதல் சேர்ந்து நடத்தும் ஜாயின்ட் மெடிக்கல் ஸ்டோரில் மையத்தின் பெயரிலேயே மருந்து வாங்கப்படும். அங்குள்ள பணியாளர்களுக்குப் பழக்கமான மருந்து, அவர்கள் படிக்கக்கூடிய லேபிள். நாம் திரும்பிய பிறகும் அதே மருந்தை அவர்கள் தொடர்ந்து வாங்கலாம்.

தடுப்பூசியும் உடல்நலமும்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் உகாண்டாவுக்குள் விடமாட்டார்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்து அது செல்லும், 2016 முதல் ஆயுளுக்கும் ஒரே ஊசி போதும். குழுவினர் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குச் சேர்ந்தே போய்ப் போட்டுவந்தார்கள்.

ஒருவர் மட்டும் போடவில்லை. ஓய்வுபெற்ற நம் தலைமைச் செவிலியர் அக்கா, இந்தக் குழுவுக்கு முதலில் பெயர் கொடுத்தவர். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தத் தடுப்பூசியால் அரிதாகக் கடுமையான பக்கவிளைவு வரலாம். அவருடைய உடல்நிலையையும் பார்த்து, வேண்டாம் என்றார் மருத்துவர். அன்று அக்கா அழுததைப் பார்த்தவர்கள் நாங்கள். அடுத்த சனிக்கிழமையே பாரிஷ் ஹாலுக்கு வந்து, போகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். மேலே சொன்ன மாதப் பயிற்சி முழுவதும் அவருடைய உழைப்பு. பொதுக்குழு எழுந்து நின்று அவருக்கு நன்றி தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மலேரியா வராமலிருக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரை தினமும் ஒன்று. புறப்படுவதற்கு முந்தின நாள் தொடங்கி, திரும்பி வந்த பின்னும் நான்கு வாரம் தொடர வேண்டும். ஊருக்கு வந்ததும் நிறுத்திவிடக் கூடாது. விக்டோரியா ஏரியில் யாரும் கால் நனைக்கக் கூடாது. நத்தைகள் வழியாகப் பரவும் ஒட்டுண்ணி தோல் வழியே உள்ளே போய்விடும்.

ஒழுங்குகள்

உகாண்டா மருத்துவ, செவிலியர் கவுன்சில்களில் தற்காலிகப் பதிவு இல்லாமல் யாரும் நோயாளியைத் தொடுவதில்லை. அதற்கான குட் ஸ்டாண்டிங் சான்றிதழுக்கு (பதிவிலும் நடத்தையிலும் குறையில்லை என்ற சான்று) நம் மாநிலக் கவுன்சில்களில் விண்ணப்பித்திருக்கிறோம். மருத்துவப் படிப்பில்லாத தொண்டர்கள் எவ்வளவு அவசரமானாலும் ஊசி போடவோ தையல் போடவோ கூடாது. நோயாளிகளைப் படம் எடுப்பதில்லை. கேட்கிறவர்களோடு ஜெபிப்போம், மருந்து வாங்க நிற்கிறவரை அதற்காகக் காத்திருக்க வைக்கமாட்டோம்.

பணம்

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஒன்றை மட்டும் சொல்கிறேன். அறநிறுவனத்தின் வருமானத்தை வெளிநாட்டில் செலவிட்டால், முன் அனுமதி இல்லாத பட்சத்தில், அந்தத் தொகைக்கு வருமான வரி விலக்கு கிடைக்காது என்று ஆடிட்டர் எச்சரித்தார். ஆகவே விமான டிக்கெட்டை அவரவர் சொந்தப் பணத்தில் எடுக்கிறார்கள். மருந்துக்கான தொகையையும் தனிநபர்கள் தங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே முறைப்படி அனுப்புவார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் கிடைத்த நம் பங்கு பயிற்சிக்கும் இங்குள்ள செலவுக்கும் மட்டும் பயன்படும்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு

பயணத் தேதி, மருந்து குறித்த தீர்மானம், மேற்கண்ட ஒழுங்குகள் ஆகிய மூன்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். பல் மருத்துவர் ஒருவருக்கும் லேப் டெக்னீஷியன் ஒருவருக்கும் இன்னும் இடம் இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் மார்ச் மாதக் கூட்டத்துக்குள் பெயர் கொடுக்கவும். பாஸ்போர்ட் பயண நாளிலிருந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். புதுப்பிக்க வேண்டியவர்கள் இந்த வாரமே விண்ணப்பிக்கவும்.

கிறிஸ்துவின் பணியில்,
செயலாளர்
நாகர்கோவில்