கேமரா கம்பெனிக்காரர்களே, அந்தப் பெட்டியில் ஒரு ப்ரைம் லென்ஸ் வையுங்கள்

லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமரா கம்பெனிகளின் இந்திய விற்பனைப் பொறுப்பில் இருக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

சின்ன கேமராவை இங்கே எப்படி விற்கிறீர்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நடுத்தர அளவு சென்சர் (படம் பதிகிற சில்லு) உள்ள ஏபிஎஸ்-சி பாடி ஒன்று, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமரா. அதன் வாயில், 16-50 அல்லது 18-45 எம்எம் மாதிரி, கூடவே கிட்டாக வருகிற ஒரு ஜூம் லென்ஸ். கூடக் கொஞ்சம் காசு போட்டால் இன்னொரு நீள ஜூம், ஒரு பை, ஒரு மெமரி கார்டு, பண்டிகைக் காலமென்றால் ஒரு குட்டி ட்ரைபாட். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அதே பெட்டியில், ஜூமுக்குப் பதிலாக, சின்னதொரு எஃப்/2 ப்ரைம் லென்ஸை வைத்தும் விற்றுக் காட்டுங்கள். ப்ரைம் என்றால் ஜூம் ஆகாத, ஒரே பார்வை தருகிற லென்ஸ்; எஃப் எண் குறையக் குறைய அதிக வெளிச்சம் உள்ளே வரும். பழைய ஃபிலிம் கேமராவில் 35 எம்எம் லென்ஸ் தந்த பார்வை இருந்தால் போதும், ஏபிஎஸ்-சி-யில் அது 22, 23 எம்எம் லென்ஸ்.

இதை இப்போது எழுத வைத்தது என் அக்கா மகள் வாங்கிய கேமரா. வேலைக்குப் போய்ச் சேர்த்த காசு. "வீட்டுல, தெருவுல நடக்கறதத்தான் எடுக்கப் போறேன் மாமா, கல்யாணத்துக்கெல்லாம் இல்ல" என்று தெளிவாகத்தான் இருந்தாள். அவளுக்கு வேண்டியது கைப்பைக்குள் போகிற பாடி, ஒரே ஒரு நல்ல லென்ஸ். நாங்கள் போனது சென்னையில் பெரிய கடைதான். "பாடி மட்டும் வராது சார், கிட்டாத்தான் வரும். ப்ரைம்னா ஆர்டர் போடணும், அட்வான்ஸ் கட்டணும். யாரும் அதெல்லாம் கேக்கறதில்ல சார்" என்றார் கடையில் இருந்த தம்பி. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அனுப்பியதைத்தானே அவர் விற்க முடியும்? ஆனால் யாரும் கேட்பதில்லை என்கிற அந்த வார்த்தை மட்டும் உறுத்துகிறது. அலமாரியில் இல்லாத பொருளை, இப்படி ஒன்று இருப்பதே தெரியாத ஆள், எந்தப் பெயர் சொல்லிக் கேட்பான்?

கிட் ஜூமோடுதான் வீட்டுக்கு வந்தாள். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, பக்கத்து அலமாரியிலும் இதே கதைதான்.

சாயங்காலம் கூடத்தில் ட்யூப் லைட் வெளிச்சத்தில் என் அம்மா உட்கார்ந்து மல்லிகைப் பூ கட்டிக்கொண்டிருந்தார். பூ கட்டுகிற விரலைப் பார்த்திருப்பீர்கள், ஒரு நொடி நிற்காது. அதைப் பிடிக்க ஷட்டர் வேகம் குறைந்தது 1/125 நொடி வேண்டும். ஜூமை முழுக்க நீட்டினால் அந்த லென்ஸ் எஃப்/6.3-க்கு மேல் திறக்காது. கேமரா பாவம் என்ன செய்யும், வெளிச்சம் போதாததை ஈடுகட்ட ஐஎஸ்ஓ-வை 12800-க்கு ஏற்றியது; ஐஎஸ்ஓ ஏற ஏறப் படம் புள்ளி புள்ளியாகக் கெடும். படத்தில் விரல் இருக்கிறது, நகம் இல்லை. மல்லிகை மொட்டெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி வெள்ளையாக ஒரு குழைசல். நாருக்கும் தோலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதே இடத்தில் நின்று போனில் எடுத்ததை அவள் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். போன் படம் நன்றாக இருந்தது. "அப்ப எதுக்கு மாமா இத வாங்கினேன்?" என்றாள்.

எஃப்/6.3-க்கும் எஃப்/2-க்கும் நடுவே வெளிச்சம் சுமார் பத்து மடங்கு கூடும் என்பது உங்கள் இன்ஜினியர்களுக்குத் தெரியாததல்ல. ஐஎஸ்ஓ 12800 என்பது 1250 பக்கம் இறங்கிவிடும். பாடி அதேதான், சென்சர் அதேதான், முன்னால் மாட்டிய கண்ணாடிதான் வேறு. போனைவிட உங்கள் சென்சர் எவ்வளவு பெரியது என்று விளம்பரம் செய்துவிட்டு, அந்தப் பெரிய சென்சருக்கு வெளிச்சமே போகாத லென்ஸை முன்னால் வைத்து விற்கிறீர்கள்.

உலகத்தில் இல்லாத ஒன்றையும் நான் கேட்கவில்லை. 2009-இல் பானசோனிக் ஜிஎஃப்1 கேமராவை 20 எம்எம் எஃப்/1.7 லென்ஸோடு கிட்டாக விற்றார்கள். 2010-இல் சோனி நெக்ஸ்-5-க்கு 16 எம்எம் கிட் இருந்தது. 2012-இல் கேனான் இஓஎஸ் எம்முக்கு 22 எம்எம் எஃப்/2, வெறும் 105 கிராம். இன்றைக்கும் அதைத் தேடி செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் உண்டு. எம் வரிசையை மூடிவிட்டார்கள், அந்த லென்ஸ் கேனானின் புது ஆர்எஃப் கேமராக்களில் மாட்டாது. நிக்கான் 2021-இல் ஸெட்எஃப்சி-யை 28 எம்எம் எஃப்/2.8 லென்ஸோடும் விற்றது, 2023-இல் 135 கிராமில் 24 எம்எம் எஃப்/1.7 கொண்டுவந்தது. ஃபுஜிஃபில்ம் 2025-இல் எக்ஸ்-இ5-க்கு 23 எம்எம் எஃப்/2.8 கிட் அறிவித்தது. ஆக, செய்யத் தெரியாமல் இல்லை. நம் ஊர்க் கடை மேஜை வரைக்கும்தான் வந்து சேர்வதில்லை.

இன்னொன்று. 2024-இல் வந்த ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100-VI கேமராவுக்கு ஊரெல்லாம் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்களே, அதில் என்ன லென்ஸ்? கழற்றவே முடியாத ஒரே ஒரு 23 எம்எம் எஃப்/2. கலர் ப்ரொஃபைல், சோஷியல் மீடியா என்று மார்க்கெட்டிங்காரர்கள் காரணம் சொல்வார்கள், அதிலும் உண்மை உண்டு, ஆனால் ஜூம் இல்லாத கேமராவை யாரும் வாங்க மாட்டார்கள் என்று இனிமேலாவது சொல்லாதீர்கள்.

"அவ்வளவு ஆசையென்றால் இன்னும் பெரிய சென்சர் உள்ள ஃபுல் ஃப்ரேம் வாங்குங்களேன்" என்பது அடுத்த அறிவுரை. வாங்கலாம். லென்ஸோடு சேர்த்து ஒரு கிலோவை நெருங்குகிறதைத் தோளில் மாட்டிக்கொண்டு காய்கறி வாங்கப் போகலாம்தான். அப்புறம் அந்த வியூஃபைண்டர், கண்ணை வைத்துப் பார்க்கிற சின்ன ஜன்னல். ஸெட்30, ஸெட்வி-இ10, எக்ஸ்-எம்5 என்று சின்ன பாடி வந்தாலே அதைப் பிடுங்கிவிடுகிறீர்கள். சித்திரை மாதம் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மெரினாவில் நின்று அந்த ஸ்கிரீனில் என்ன தெரிகிறது என்று உங்களில் ஒருவர் சொன்னால் நன்றாக இருக்கும். ஸ்கிரீனை முன்பக்கம் திருப்பி நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருந்தால் போதும், வேறு எதையும் எடுக்க வேண்டாம் என்று நினைத்துவிட்டீர்களோ என்னவோ.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். வியூஃபைண்டரை இன்னொரு நாள் பேசுவோம்.

ஜூம் கிட்டை நிறுத்தச் சொல்லவில்லை, அது வேண்டியவர்கள் வாங்கட்டும். பக்கத்தில் ஒரு பெட்டி கூடுதலாக வையுங்கள். பாடியோடு 22 அல்லது 23 எம்எம் எஃப்/2, இன்னும் சின்ன சென்சரான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்றால் 17 எம்எம், ஒரே பில், இந்திய வாரண்டி. கடையில் சங்கிலி போட்டு வைக்கிற டெமோ கேமராக்களில் ஒன்றிலாவது அந்த லென்ஸை மாட்டி வைக்கச் சொல்லுங்கள், வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்க்கட்டும். செலவு இடிக்கிறதென்றால் அந்தப் பையையும் ட்ரைபாடையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி ஆஃபருக்கு முன்னால் முடிந்தால் நல்லது. தயவுசெய்து பார்த்துச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன் ஒருவன்