டன்னிச் ஊர்க்காரர்களுக்கு நன்றி

இங்கிலாந்தின் சஃபோக் கடற்கரையில் உள்ள டன்னிச், ஒரு காலத்தில் துறைமுக நகரமாக இருந்து பெரும்பகுதி கடலுக்குள் போய்விட்ட சின்ன ஊர். அதன் கதையைத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். நான்கு முறை போய்வந்தேன். நான்கு முறையும் யாராவது தங்கள் வேலையை விட்டுவிட்டு என்னோடு நடந்தார்கள். இந்த மடல் அவர்களுக்கு.

ஊர் அருங்காட்சியகத்தில் சம்பளம் வாங்காமல் உழைக்கும் அம்மையாருக்கு முதல் நன்றி. பழைய நகரத்தின் மாதிரியைக் காட்டி, எந்தப் பக்கம் கடலுக்குள் போனது என்று விரல் வைத்து விளக்கினார். 1086-இல் அரசர் எடுக்கவைத்த நில, வரிக் கணக்கான டோம்ஸ்டே பதிவேட்டில் இந்த ஊர் அரசருக்குக் கட்ட வேண்டியது 68,000 ஹெர்ரிங் மீன்! அப்படிப்பட்ட துறைமுகத்தை 1286, 1328 புயல்கள் மணலும் கூழாங்கல்லுமாக அடைத்தன. கரை அரிப்பு மட்டும் ஊரை அழிக்கவில்லை, பிழைப்பு போனதும் ஒரு காரணம் என்று அவர் சொன்னார். அன்றிரவே முதல் அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். வீடுகள் கடலில் போன பிறகும் 1832 வரை இந்த ஊர் நாடாளுமன்றத்துக்கு இரண்டு பேரை அனுப்பிவந்ததையும் அவர்தான் சொன்னார்.

அப்புறம், மேட்டோரப் பாதையில் என்னோடு மெல்ல நடந்த பெரியவர். அனைத்துப் புனிதர்கள் தேவாலயம் 1904 முதல் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, 1919-இல் கோபுரமும் விழுந்தது. அந்த ஆண்டுகளின் பழைய அஞ்சலட்டைகளை அவர் வரிசையாக அடுக்கிக் காட்டியபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தத் தேவாலயத்தின் ஒரு முட்டுச்சுவர் இப்போது புனித ஜேம்ஸ் தேவாலய வளாகத்தில் நிற்கிறது. அதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னவரும் அவரே.

புயலுக்கு முன் கடலுக்கடியில் தேவாலய மணிகள் ஒலிக்கும் என்ற கதையைத் தன் பாட்டி சொன்னபடியே சொன்ன மீனவக் குடும்பத்துப் பெண்ணுக்கு என் வணக்கம். மணி கேட்ட நாளில் அந்தப் பாட்டி யாரையும் படகேற விடமாட்டாராம். இதை மூடநம்பிக்கை என்று எழுதாதீர்கள் என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டார், நான் எழுதவில்லை. கலங்கிய அந்தக் கடலில் முக்குளிப்பவர்கள் கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் தடவியே அறிய வேண்டியிருந்தது. பிறகு சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் குழு ஒலியலைகளால் இடிபாடுகளை வரைபடமாக்கியது. அதைப் பொறுமையாக விளக்கிய நண்பருக்கும் நன்றி.

பெரியவரே, அஞ்சலட்டைகளை இன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். புத்தகத்தின் முதல் பிரதியை நானே கொண்டுவருகிறேன். தமிழ் உங்களுக்குப் புரியாது. உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக ஆங்கிலத்தில் சொல்கிறேன். தவறு இருந்தால் அங்கேயே திருத்துங்கள்.