அந்தக் கதவு திறந்ததா என்று பீஜி கேட்டாள்

அன்புள்ள அத்தைக்கு,

நமஸ்காரம். போன ஞாயிற்றுக்கிழமை ஃபோனை எடுத்ததும், குளிர் எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்காமல் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டீர்கள். "அந்தக் கண்றாவியை மறுபடியும் போட்டுண்டு உட்கார்ந்திருக்கியாமே, உனக்கு வேற வேலை இல்லையா?" என் பையன்தான் வத்தி வைத்திருக்கிறான்.

கண்றாவி என்று நீங்கள் சொன்னது, பிரிவினைக் கலவரத்தைப் பற்றிய 'தமஸ்'. பீஷ்ம சாஹ்னியின் நாவலை வைத்து கோவிந்த் நிஹலானி எடுத்து, 1988 ஜனவரியில் தூர்தர்ஷனில் வந்த தொடர். உங்களுக்கு இது தெரியாததில்லை. இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள், அவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். வெளியே போடலாமா என்று கேட்டதற்கு, "என் பேரைப் போடாதே, அப்புறம் என்ன வேணா எழுதிக்கோ" என்றீர்கள். போடவில்லை.

தில்லி கரோல் பாக் வீட்டு முன்னறை இன்றைக்கும் எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. மர ஷட்டர் போட்ட கறுப்பு வெள்ளை டிவி. அதற்கு நேர் எதிரே சுவரில் பதித்த அலமாரிதான் சுவாமி ரூம். ஞாயிற்றுக்கிழமை காலை 'ராமாயண்' வரும்போது அந்த ஏற்பாடு ரொம்ப வசதி. இந்தப் பக்கம் ராமர், அந்தப் பக்கமும் ராமர், நடுவில் நின்று நீங்கள் இரண்டு பக்கமும் ஊதுபத்தி காட்டுவீர்கள். அதே டிவியில் ஒரு ராத்திரி ஓம் பூரி ஒரு குடிசைக்குள் பன்றியைத் துரத்த ஆரம்பித்தார். நத்து என்கிற தோல் பதனிடும் ஏழை. மிருக வைத்தியருக்கு வேண்டும் என்று சொல்லி, ஐந்து ரூபாயைக் கையில் திணித்துவிட்டு முராத் அலி என்கிறவன் போய்விடுகிறான். அந்தப் பன்றிதான் பிறகு மசூதிப் படியில் கிடந்து கலவரத்தைக் கிளப்பும். நத்துவுக்குப் பன்றி கொன்று பழக்கமில்லை. அது சாவேனா என்கிறது, இவன் வியர்த்து வழிகிறான், காட்சி முடிவேனா என்கிறது. நீங்கள் எழுந்து முதலில் டிவியை அணைக்கவில்லை, அத்தை. சுவாமி அலமாரியின் திரையை இழுத்து மூடினீர்கள். அதற்கப்புறம்தான், "பகவான் எதிர்த்தாப்ல பன்னியைக் கொல்றான், அணைடி அதை" என்று என்னைப் பார்த்துக் கத்தினீர்கள். ஏதோ நான்தான் கொன்ற மாதிரி.

அணைக்க முடியாமல் போனதற்குக் காரணம் பீஜி.

கீழ் வீட்டு பீஜிக்குச் சொந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிற ராவல்பிண்டி. பிரிவினையின்போது, 47-இல் வந்தவர். அவர் வீட்டிலும் டிவி இருந்தது, கலர் டிவி. ஆனால் அவர் பிள்ளை, 'தமஸ்' வருகிற நேரத்தில் அதைப் போடக்கூடாது என்று தடை போட்டுவிட்டார். அதனால் அந்தக் குளிரில், முட்டி வலியோடு, ரஜாயைப் போர்த்திக்கொண்டு நம் மாடிப்படி ஏறி வந்தார். மடியில் ஒரு காகிதப் பொட்டலம் கஜக், அதுதான் அந்த எள்ளு மிட்டாய். "மதராஸன், டிவி போடு" என்று அவர் அதிகாரமாகச் சொல்ல, வீட்டுக்கார அம்மாளிடம் மாட்டேன் என்று சொல்ல உங்களால் முடியவில்லை. நான் அவர் ரஜாய்க்குள் புகுந்துகொண்டேன். எனக்குப் பன்னிரண்டு வயது.

பீஜி அழுவார் என்று எதிர்பார்த்து நீங்கள் தண்ணீர்ச் சொம்போடு உட்கார்ந்திருந்தீர்கள். பீஜி அழவில்லை. குற்றம் கண்டுபிடித்தார். முந்தின வருஷம் 'புனியாத்' தொடர் பார்க்கும்போது அதன் நாயகி லாஜோஜியோடு சேர்ந்து விசும்பின அதே பீஜி, இதில் கணக்குப் பார்க்கிற முனீம் மாதிரி ஆகிவிட்டார். பிண்டியில் யார் இப்படி இந்தி பேசினார்கள், நாங்கள் பேசினது போட்டோஹாரி, அந்தப் பக்கத்துப் பஞ்சாபி. இந்தச் சந்து இவ்வளவு அகலமாக இருக்காது. அந்தப் பொம்பளை துப்பட்டாவைப் போட்டிருக்கிற விதம் தப்பு. ஒரு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். எந்த இடம் என்று நினைவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இப்போது தோன்றுவது வேறு. நாற்பது வருஷமாக ஒரு ஊரைத் தலைக்குள் தெருத்தெருவாக வைத்திருப்பவளுக்கு, யாரோ எடுத்துக் காட்டுகிற ஊர் எப்படிப் பொருந்தும்? நம் ஊர் மார்கழியை பம்பாய்க்காரன் படம் எடுத்தால் கோலத்தில் புள்ளி தப்பு என்றுதானே நீங்கள் முதலில் சொல்வீர்கள்.

வெளியே அப்போது ஒரே ரகளை. பல ஊர்களில் எதிர்ப்பு, நிஹலானிக்குப் போலீஸ் காவல். பம்பாய் உயர்நீதிமன்றத்தில் ஒருவர் தடை வாங்கினார். அப்பீலில் நீதிபதிகள் லெண்டினும் சுஜாதா மனோகரும் தொடரை முழுக்கப் போட்டுப் பார்த்துவிட்டுத் தடையை நீக்கினார்கள். பிப்ரவரியில் விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், அங்கேயும் தடைகோரிய மனு தள்ளுபடி ஆனது. எதைப் பார்த்தாலும் கலங்குகிற பலவீனமான மனசை வைத்து ஒரு படத்தை எடைபோடக் கூடாது, சாதாரண விவேகமுள்ள மனிதன் எப்படி எடுத்துக்கொள்வான் என்று பார்க்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அத்திம்பேர் பேப்பரை மடித்துக்கொண்டே, "முழுசாப் பார்த்துட்டுத் தீர்ப்பு சொன்னா பாரு, அதுக்குப் பேர்தான் ஜட்ஜு. நம்மாத்துல பாதி பார்த்துட்டே தீர்ப்பு" என்றார். நீங்கள் அன்றைக்கு அவருக்கு இரண்டாம் டோஸ் காபி தரவில்லை. சாதாரண விவேகமுள்ள மனுஷி ஒருத்தி நம் வீட்டிலேயே கஜக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

சரி, நான் எழுத வந்த ராத்திரிக்கு வருகிறேன்.

ஹர்னாம் சிங்கும் பந்தோவும். கிராமத்தில் டீக்கடை வைத்திருக்கும் வயதான சர்தார்ஜி, அவர் பெண்டாட்டி. கடையை விட்டுவிட்டு ராத்திரியெல்லாம் நடந்து, விடிகிற நேரத்தில் முன்பின் தெரியாத ஒரு முஸ்லிம் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். பந்தோவாக தீனா பாட்டக். ஹர்னாம் சிங்காக நடித்தவர் பீஷ்ம சாஹ்னியேதான், தெரியுமோ? ராவல்பிண்டியில் 1915-இல் பிறந்தவர். 1970-இல் பம்பாய் பக்கத்து பிவண்டியில் கலவரம் நடந்த தெருக்களைப் போய்ப் பார்த்தபோது பிண்டி ஞாபகம் வந்து, அதிலிருந்து இந்த நாவலை எழுதினார். 1975-இல் சாகித்ய அகாதெமி பரிசு. நம் கரோல் பாக்குக்குப் பக்கத்து ஈஸ்ட் பட்டேல் நகரில்தான் குடியிருந்தார். பால் பூத் வரிசையில் நீங்களே அவர் பின்னால் நின்றிருக்கலாம். எழுதினவரே வேஷம் கட்டிக்கொண்டு வந்து, தான் எழுதின கதவைத் தட்டுகிறார். இந்த மாதிரி ஒரு காட்சி வேறெந்தத் தொடரிலும் நான் பார்த்ததில்லை.

தட்டினார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல். கதவு திறப்பதற்குள் நீங்கள் எழுந்துபோய் டிவியை அணைத்து, ஷட்டரையும் இழுத்துவிட்டீர்கள். பன்றிக்குக்கூடப் பொறுத்துக்கொண்டவர். "போதும், குழந்தை தூங்கணும்" என்றீர்கள். பீஜி ஒன்றும் சொல்லவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கிப் போனார்.

மறுநாள் காலை மாடிப்படிக்குக் கீழே என்னை நிறுத்தி, "திறந்தாளா, இல்லையா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. "திறந்தா பீஜி" என்று சொல்லிவிட்டு ஸ்கூல் பஸ்ஸுக்கு ஓடினேன்.

நான் சொன்னது பொய்யில்லை என்று காலேஜில் இந்தி நாவலைப் படித்தபோதுதான் தெரிந்தது. திறக்கிறாள். ராஜோ என்று பெயர். முதலில் தயங்குகிறாள், பிறகு உள்ளே விடுகிறாள், ஆம்பிளைகள் வந்தால் என்ன செய்வார்களோ என்று பயப்படுகிறாள், ஒளித்து வைக்கிறாள். தொடரில் அது சுரேகா சிக்ரி. அதற்குத் தேசிய விருது வாங்கினார். நாவலில் அதற்கப்புறம் ஒன்று வருகிறது, அத்தை. அந்த வீட்டு ஆம்பிளைகள் எங்கோ கொள்ளையடித்த டிரங்குப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அது ஹர்னாம் சிங்கின் கடைப் பெட்டி. பூட்டை உடைக்கப் பார்க்கிறபோது, ஒளிந்திருக்கிற ஹர்னாம் சிங்கே, உடைக்காதே அம்மா, சாவி இதோ என்கிறார்.

அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு ஹாஸ்டல் கட்டிலில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். என் கண்ணுக்குத் தெரிந்தது வேறு டிரங்க். பச்சை பெயின்ட், மூலையில் துரு, பித்தளைப் பூட்டு. 1984 நவம்பர் 1, சாயங்காலம். இந்திரா காந்தியை அவருடைய சீக்கியக் காவலர்கள் சுட்டுக் கொன்ற மறுநாள், தில்லியில் சீக்கியர்களைத் தேடித் தேடிக் கொன்றுகொண்டிருந்தார்கள். முனையில் டாக்ஸி ஸ்டாண்டில் இரண்டு வண்டி எரிந்த வாசனை மாடி வரைக்கும் வந்தது. பின்பக்கக் கதவை யாரோ தட்டினார்கள். நீங்கள் என் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். உங்கள் கையில் பெருங்காய வாசனை. மறுபடியும் தட்டினார்கள். அத்திம்பேர் ஆபீஸிலிருந்து வரவில்லை. நீங்கள் கதவைத் திறந்தீர்கள். ஆமாம், திறந்தீர்கள். ஸ்டாண்டு சர்தார்ஜி. என்னைப் பள்ளிக்கூடம் அழைத்துப் போகிறவர். டிரங்கை உள்ளே நகர்த்தி வைத்தார். உள்ளே வரட்டுமா என்று அவர் கேட்கவில்லை. வாங்கோ என்று நீங்களும் சொல்லவில்லை. அரை நிமிஷம் இரண்டு பேரும் வாசல் நிலையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அப்புறம் அவர் போய்விட்டார். டிரங்கைக் கொலுப்பெட்டிக்குப் பின்னால் தள்ளி, மேலே பழைய ஜமக்காளத்தைப் போட்டீர்கள்.

அந்த மூன்று நாளில் தில்லியில் செத்தவர்கள் 2,733 பேர் என்று அரசாங்கமே பின்னால் கணக்குச் சொன்னது. நம் சர்தார்ஜி அதில் இல்லை. ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ வந்தார். தலைப்பாகை இல்லை, முடியை வெட்டியிருந்தார். எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. நீங்கள் டவரா டம்ளரில் காபி கொடுத்தீர்கள். "கோல்கே தேக்கோ, கோல்கே தேக்கோ" என்று உங்கள் இந்தியில் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள், திறந்து பார்த்துக்கொள்ளச் சொல்லி. அவர் திறக்கவில்லை. சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது, நூலில் கட்டி. காபியைக் குடித்துவிட்டு, டிரங்கைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அந்த ஸ்டாண்டுக்கு அவர் மறுபடி வரவில்லை.

அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான் 'தமஸ்' வந்தது. பீஜி மனசு கஷ்டப்படக்கூடாது என்று அணைத்ததாகத்தான் இத்தனை வருஷமும் சொல்லி வந்திருக்கிறீர்கள். போன ஞாயிறும் அதையே சொன்னீர்கள். நானும் சரி என்று கேட்டுக்கொண்டேன். பிரிவினை பஞ்சாபிகள் சமாசாரம், நமக்கும் அதற்கும் என்ன என்று அந்தக் காலத்தில் நம் தெருத் தமிழர்கள் எல்லோருமே பேசினார்கள். தொடருக்கு நம்மவர்கள் சொன்ன ஆட்சேபம் எல்லாம் பன்றிதான், ரத்தம்தான், குழந்தைகள் பார்க்கிற நேரமா என்பதுதான். கதவைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் இதைக் குற்றமாக எழுதவில்லை. பெட்டி வந்த அன்றைக்கு வீட்டில் நீங்களும் நானும் மட்டும். எனக்கு எட்டு வயது. அந்த நிலையில் நான் இருந்திருந்தால் கதவையே திறந்திருப்பேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

இந்தத் தடவை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தேன், அத்திம்பேர் சொன்ன ஜட்ஜு மாதிரி. எல்லாம் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். நாவலில் நத்து நடுவிலேயே காணாமல் போய்விடுகிறான். அவன் செத்துப்போன செய்தி, முராத் அலி சமாதான பஸ்ஸில் ஏறிக் கோஷம் போடுகிற கடைசிப் பக்கங்களில் போகிற போக்கில் வருகிறது. உயிரோடு இருந்திருந்தால் அந்தக் குரலை அடையாளம் கண்டிருப்பான் என்பதுபோல. அந்த அலட்சியம்தான் என்னைக் குத்தியது. ஓம் பூரியை வைத்துக்கொண்டு டிவியில் அப்படி விட முடியுமா? நத்துவையும் அவன் பெண்டாட்டி கர்மோவையும் கதை முழுக்க நடக்கவிட்டு, கடைசியில் ஒரு பிரசவத்தில் கொண்டுபோய் முடிக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு ஏதாவது ஆறுதல் வேண்டாமா என்று நினைத்திருப்பார்கள். எனக்கு நாவலின் முடிவுதான் மேல். என் பையன் தொடர்தான் மேல் என்கிறான். இரண்டு நாளாகச் சண்டை.

ஆனால் ராஜோ கதவைத் திறக்கிற இடத்தை மட்டும் இரண்டு தடவை பார்த்தேன். நீங்கள் நினைத்த மாதிரி இல்லை, அத்தை. தியாகம் மாதிரியெல்லாம் திறக்கவில்லை அவள். எரிச்சலோடு, பயந்துகொண்டு, எந்த நிமிஷமும் வெளியே போ என்று சொல்லிவிடுவாள் போலத்தான் திறக்கிறாள்.

பொங்கலுக்கு வருகிறீர்கள் அல்லவா? ஸ்வெட்டர் கொண்டுவர வேண்டாம், இங்கே இருக்கிறது. முழுத் தொடரையும் பார்க்கச் சொல்லி உங்களைப் படுத்த மாட்டேன். அந்த ஒரு பகுதி மட்டும், நாம் இரண்டு பேரும். ரிமோட் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பெண்