பதிவேடுகளுக்கான தரவுத்தள மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது குறித்து: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம், திருவட்டாறு வட்டங்களிலிருந்து வந்திருக்கும் தேனீ வளர்ப்போர் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிக்க இருக்கிறார். பயிற்சி முகாம்கள் பற்றிய விவரம் அச்சிட்டு உங்கள் கையில் தரப்பட்டிருக்கிறது. ஆகவே இவ்வாண்டு செயற்குழுவின் நேரத்தைப் பெருமளவு எடுத்துக்கொண்ட ஒரு பணியை மட்டும் இங்கே விரிவாக முன்வைக்கிறேன். நமது உறுப்பினர் பட்டியல், பெட்டிகளின் இருப்பிடம், தேன் வரவு ஆகியவற்றை வைப்பதற்குத் தகுந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்ததே அப்பணி.

கடந்த பொதுக்குழு அமைத்த துணைக்குழு முதல் வேலையாக, நம்மிடம் என்னென்ன பதிவுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்தது. கெட்டி அட்டைப் பேரேடுகள் அலமாரியில் இருந்தன. அலுவலகக் கணினியிலும் நிர்வாகிகள் சிலரின் மடிக்கணினிகளிலும் உறுப்பினர் பட்டியல் விரிதாள்களாக (எக்செல் போன்ற கோப்புகளாக) இருந்தது. எதுவும் இன்னொன்றுடன் ஒத்துப்போகவில்லை. ஒரே ஊர் ஒரு தாளில் திருவட்டாறு என்றும் மற்றொன்றில் திருவட்டார் என்றும் இருந்தது. திற்பரப்பும் திருப்பரப்பும் இரண்டு ஊர்கள்போல எண்ணப்பட்டிருந்தன. ஒருவர் கைபேசி எண்ணை மாற்றினால் எந்தத் தாளில் மாற்றுவது என்பதே கேள்வியாக இருந்தது.

உறுப்பினர்களுக்குத் தேன் பணத்தை வங்கி வழியே அனுப்பியபோது சிலருக்குப் பணம் போய்ச் சேராமல் திரும்பி வந்தது நினைவிருக்கும். காரணத்தைத் துணைக்குழு கண்டறிந்தது. விரிதாளில் எண்ணாகத் தட்டப்படும் எதிலும் முதல் 15 இலக்கங்கள்தாம் சரியாக நிற்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணின் முன்பூஜ்யமோ காணாமலே போய்விடும். அந்தக் கட்டத்தை முன்கூட்டியே எழுத்து வடிவம் என்று குறித்திருந்தால் இது நேராது. ஆனால் அதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பதிவுகளை ஒழுங்கான அட்டவணைகளாக வைக்கும் தரவுத்தளத்திலோ, கணக்கு எண் என்னும் களம் (பத்தி) எழுத்து வகை என்று ஒருமுறை வரையறுத்துவிட்டால் பிறகு யார் பதிந்தாலும் அது மாறாது.

அலுவலகத்தின் பழைய கணினியில் விஷுவல் ஃபாக்ஸ்புரோ என்னும் பழைய மைக்ரோசாஃப்ட் தரவுத்தள மென்பொருளில் செய்த ஒரு பட்டியலும் கிடைத்தது. செய்துகொடுத்தவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்க் காலமாகிறது. அம்மென்பொருளின் கடைசிப் பதிப்பு வந்தது 2004இல். நிறுவனத்தின் ஆதரவு 2015 ஜனவரியோடு முடிந்தது. கோப்பை இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபிஸில் திறந்தோம். பெயர்களெல்லாம், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டிருந்ததால் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரிந்தன. மெய்யெழுத்தின் தலையில் புள்ளி நிற்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி நின்றது. எழுத்துரு மாற்றியின் உதவியால் அனைத்தையும் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்குக் கொண்டுவந்து, பேரேட்டுடன் வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்தினோம். இந்த வேலையில் கல்லூரி மாணவர்களான நம் உறுப்பினர்களின் பிள்ளைகள் காட்டிய பொறுமையைச் செயற்குழு நன்றியுடன் பதிவு செய்கிறது.

இதன் பிறகே எந்த மென்பொருள் என்னும் கேள்விக்கு வந்தோம். விற்பனைக்கு வந்த முகவர்கள் அனைவரும் எத்தனை லட்சம் பதிவுகளைத் தாங்கும் என்பதிலிருந்தே பேச்சைத் தொடங்கினார்கள். அளவு நமக்கு ஒரு பொருட்டே அல்ல. எக்செல் தாள் ஒன்றில் 10,48,576 வரிகள் உண்டு. எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பு வடிவத்தில் 65,536 வரிகளே இருந்ததால் 2020 இலையுதிர்காலத்தில் இங்கிலாந்தில் 15,841 கொரோனாத் தொற்றுப் பதிவுகள் அறிக்கையில் சேராமல் விடுபட்டன என்பது உண்மைதான். அது ஒரு நாட்டின் கணக்கு. நம் சங்கத்தின் எல்லாப் பதிவுகளையும் ஒன்றாகக் கொட்டினாலும் அந்த எல்லையின் அருகே வரமாட்டோம்.

நாம் கேட்க வேண்டியிருந்தது வேறு. இந்தத் தரவிடம் என்னென்ன கேள்விகளைக் கேட்கப்போகிறோம் என்பதே முதலில் தெளிவாக வேண்டும் என்று துணைக்குழு கருதியது, அதை நானும் ஏற்கிறேன். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக் புரூட் என்னும் வைரஸ் நோய் இந்தப் பகுதியின் இந்தியத் தேனீக் கூட்டங்களைக் கொத்துக்கொத்தாக அழித்ததை மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய நோய் மீண்டும் தலைகாட்டினால், குறிப்பிட்ட மாதத்தில் குறிப்பிட்ட ரப்பர் தோட்டத்தில் யார் யாருடைய பெட்டிகள் நின்றன, அங்கிருந்து அவை எங்கே போயின என்று உடனே தெரிய வேண்டும். நம் பேரேட்டில் இருந்ததோ உறுப்பினரின் பெயருக்கு எதிரே மொத்தப் பெட்டிகளின் எண்ணிக்கை மட்டும். மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபின், இந்தத் தேன் எந்தப் பகுதியில் எடுத்தது என்று கேட்கும் வாங்குநர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

1970இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் வகுத்த உறவுமுறைத் தரவுத்தளம் இந்தக் கேள்விகளுக்காகவே அமைந்ததுபோல் இருக்கிறது. ஒரு செய்தி ஒரே இடத்தில்தான் எழுதப்படும்; மற்ற இடங்களில் அதன் எண் மட்டும் நிற்கும். அதன்படி உறுப்பினர், தோட்டம், பெட்டி, இடமாற்றம், தேன் வரவு என்று தனித்தனி அட்டவணைகளை வரைந்தோம். தோட்ட உரிமையாளர்களில் பலர் நம் உறுப்பினர்கள் அல்லர் என்பதால் தோட்டத்துக்குத் தனி அட்டவணை தேவைப்பட்டது. ஊரின் பெயர் ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுமே தவிரத் தட்டப்படாது. ஆகவே திருவட்டாறு இனி ஒரே திருவட்டாறுதான்.

இதற்கான மென்பொருள்களில் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் பதிவுப் படிவங்களை எளிதாக அமைக்கத் தரும். ஆனால் விண்டோசில் மட்டுமே ஓடும், உரிமக் கட்டணமும் உண்டு. மாதக் கட்டணத்தில் இணையவழியே கிடைக்கும் சேவைகளையும் பார்த்தோம். பக்கத்துத் தென்காசியில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவின் கிரியேட்டர் உட்பட அவற்றில் சில மிக வசதியானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் பயனர் எண்ணிக்கைப்படி ஆண்டுதோறும் தொகை செலுத்த வேண்டும். 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் வீசியபின் மாவட்டத்தின் பல ஊர்களில் மின்சாரமும் தொலைபேசியும் பல நாள் இல்லாமல் கிடந்ததையும் எண்ணிப் பார்த்தோம். மரங்கள் சாய்ந்து பெட்டிகளைத் தேட வேண்டிய அத்தகைய வேளையில்தான் இருப்பிடப் பட்டியல் கையில் வேண்டும்.

போஸ்ட்கிரஸ், மரியாடிபி போன்ற தரவுத்தள மென்பொருள்கள் இலவசமானவை, வலிமையும் மிக்கவை. ஆனால் எந்நேரமும் ஓடும் வழங்கி (சர்வர்) ஒன்றும், அதைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும். அந்த ஒருவர் வேலை கிடைத்துப் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை ஃபாக்ஸ்புரோ பட்டியல் நமக்குக் காட்டிவிட்டது. ஆகையால் துணைக்குழு எஸ்கியூலைட்டைப் பரிந்துரைத்தது. ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்ட இது யாருடைய உரிமைக்கும் உட்படாமல் பொதுவில் விடப்பட்டது. வழங்கி தேவையில்லை, தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பு. 2050ஆம் ஆண்டுவரை ஆதரவு தருவதாக அதை உருவாக்குவோர் அறிவித்திருக்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பது இதன் குறை. நம் அலுவலகத்தில் பதிபவரே ஒருவர்தான் என்பதால் அது நமக்குக் குறையாகவில்லை. பதிவுப் படிவங்களை லிப்ரே ஆபிஸின் தரவுத்தளப் பகுதியான பேஸில் அமைத்திருக்கிறோம்.

அகர வரிசை மட்டும் எதிர்பாராத தொல்லை தந்தது. யூனிகோடு அட்டவணையில் ந-வை அடுத்தே ன நிற்கிறது. ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்பே வந்துவிடுகின்றன. எஸ்கியூலைட் அந்தக் குறியீட்டு வரிசையையே பின்பற்றுவதால் கமலத்துக்கு முன்னால் கனகராஜ் வந்து நின்றார். அச்சிட வேண்டிய பட்டியலை லிப்ரே ஆபிஸின் விரிதாள் பகுதியான கால்க்குக்கு எடுத்து, மொழி தமிழ் என்று குறித்து வரிசைப்படுத்துகிறோம். அகராதி முறையில் வருகிறது.

மாத இறுதியில் தரவுத்தளத்தின் நகல் அலுவலகத்துக்கு வெளியே இரண்டு நிர்வாகிகளின் வீடுகளில் வைக்கப்படும். கோப்பு திறந்திருக்கும்போது வெறுமனே நகலெடுத்தால் பழுதாகக்கூடும் என்பதால் அதற்குரிய பேக்கப் கட்டளையையே பயன்படுத்த வேண்டும் என்று எழுதி மேசைமேல் ஒட்டியிருக்கிறோம். காலாண்டுக்கு ஒருமுறை எல்லா அட்டவணைகளும் காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்பான சிஎஸ்வி வடிவிலும், உறுப்பினர் பட்டியல் தாளிலும் எடுக்கப்படும். நாளை வேறு மென்பொருளுக்கு மாற நேர்ந்தால் அந்தச் சிஎஸ்வி கோப்புகளே போதும். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனத்தில் கொண்டு, ஆதார் எண்ணைப் பதிவதில்லை என்றும் செயற்குழு முடிவெடுத்துள்ளது. தேவையில்லாததை வாங்கி வைத்துக்கொண்டு அதைக் காப்பாற்றத் திண்டாடுவானேன்?

உறுப்பினர் அட்டவணையும் தேன் வரவும் நிறைவு பெற்றன. பெட்டிகளின் இருப்பிடம் அருமனை, குலசேகரம், பேச்சிப்பாறைப் பகுதிகளுக்கு மட்டுமே பதிவாகியிருக்கிறது. மற்ற ஊர்களிலிருந்து விவரம் இன்னும் வரவில்லை. ரப்பர் இலையுதிர்ந்து தளிர்விடத் தொடங்கியதும் பெட்டிகள் தோட்டங்களுக்கு நகரும் என்பதால், அதற்கு முன்பாக, டிசம்பர் இறுதிக்குள், ஒவ்வோர் உறுப்பினரும் வாயிலில் வைக்கப்பட்டிருக்கும் அச்சுப் பட்டியலில் தம் பெயர், வீட்டுப்பெயர், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டு, பெட்டிகள் நிற்கும் தோட்டங்களின் விவரத்தையும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பதிவுப் பணிக்கு இருவரைப் பயிற்றுவிப்பதற்கான தீர்மானம் நிகழ்ச்சி நிரலில் இடம்பெற்றுள்ளது. அதை நிறைவேற்றித் தருமாறும், இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறும் பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்