‘காலம்’ என்பதைக் ‘கரலம்’ என்று படிக்கும் கருவி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். நேற்றிரவு உங்கள் கடிதத்தைக் கணினி படித்துக் காட்டக் கேட்டேன். ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு, பார்வையற்ற நம்மைப் போன்றவர்களுக்காக, நூலை அடியில் வைத்தால் தானே படமெடுத்து உரக்கப் படிக்கும் தனிக் கருவி ஒன்றை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சற்றுப் பொறுங்கள். ஆங்கில நாளிதழைத் தடங்கலின்றிப் படித்துக் காட்டிய அப்படியொரு கருவியை நம்பி வாங்கினேன். தமிழ் நூலை வைத்ததும் உளறத் தொடங்கிய அது இப்போது அலமாரியில் தூங்குகிறது.

இன்று எனக்குக் கைகொடுப்பவை சாதாரண ஸ்கேனர் ஒன்றும் செலவில்லாத மென்பொருள்களும்தான். பார்வையற்ற ஆஸ்திரேலியர் ஒருவர் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் (கணினித் திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருள்) இலவசம். அதனுடன் வரும் ஈஸ்பீக் குரல், இயந்திரத்தனமாக ஒலித்தாலும் தமிழ் படிக்கும். படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்க டெசராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருள் இருக்கிறது. இல்லையேல் படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தாலே போதும், எழுத்தாக மாறிவிடும்.

ஸ்கேனர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். யுஎஸ்பி கம்பியிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் மெல்லிய வகை விலை குறைவுதான். ஆனால் கண்ணாடியில் ஒட்டிக் கிடக்கும் தாளை மட்டுமே அது தெளிவாகப் பார்ப்பதால், தடித்த நூலின் முதுகையொட்டிய சொற்கள் மங்கிப்போகும். சிசிடி (CCD) எனும் ஒளியுணரி கொண்ட வகை கனமானது என்றாலும் அந்த வளைவை ஓரளவு தாங்கும். படத்தின் நுணுக்கம் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) இருந்தால் போதும். விரித்த நூலை அப்படியே வைத்தால் இரு பக்கங்களின் வரிகளையும் ஒன்றாகக் கோத்துப் படித்துவிடும் அபாயம் உண்டு. நான் பக்கம் பக்கமாகத்தான் எடுக்கிறேன்.

கடிதம், ரசீது போன்றவற்றுக்குக் கைப்பேசியே போதும். அட்டைப்பெட்டியின் மேற்புறத்தில் ஓட்டையிட்டு, அதன்மேல் கைப்பேசியைக் கிடத்தினால் கை நடுங்காது. ஒரு வாரம் எல்லாப் படமும் கறுப்பாகவே வந்தது. அறையில் விளக்கைப் போட வேண்டும் என்பது நமக்கெங்கே நினைவிருக்கிறது!

எதை வாங்கினாலும் பிழை வரும். துணைக்காலும் (‘ா’) ‘ர’கரமும் அச்சில் ஏறக்குறைய ஒரே உருவம் என்பதால் ‘காலம்’ அடிக்கடி ‘கரலம்’ ஆகிறது. காது பழகிவிட்டால் மனம் தானே திருத்திக்கொள்ளும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில்தான் தொல்லை அதிகம்: தும்பிக்கை தூக்கிய பழைய ‘லை’யும் ‘னை’யும் எழுத்துணரிக்கு வேறேதோவாகத் தெரிகின்றன.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன், உங்கள் தந்தையார் வைத்துச் சென்ற நூல்களில் பழையது ஒன்றும் புதியது ஒன்றும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வாருங்கள். இரண்டையும் என் ஸ்கேனரில் படிக்கவைத்துக் கேட்போம். பிறகு அதே இரண்டு நூல்களைக் கடைக்காரரின் கருவியிலும் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய அறைத்தோழன்