அப்பா இருக்கும் ஊரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்

வளைகுடாவில் அப்பாவோ அம்மாவோ வேலை பார்க்க, அந்தப் பணத்தில் ஊரில் படித்து ஆளான பிள்ளைகளுக்கு,

வணக்கம். என் அப்பா 2000ஆம் ஆண்டு ஓமனுக்குப் போனார். அப்போது எனக்கு ஏழு வயது. அதன்பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் முதுகுளத்தூருக்கு வந்துபோனார். அவர் இருக்கும் இடத்துக்கு நான் ஒருமுறைகூடப் போனதில்லை. போகலாம் என்று தோன்றியதுகூட இல்லை. சென்ற மே மாதம்தான் போனேன்.

அதுவும் அவருக்கென்று கிளம்பிப் போகவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் ரோம், வெனிஸ், லூசெர்ன், பாரிஸ் என்று 18 நாள் சுற்றினோம். திரும்பி வரும் டிக்கெட் மஸ்கட் வழியாக இருந்தது. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா செல்லுபடியாகும்படி கையில் இருந்தால் இந்தியர்கள் 14 நாள்வரை விசா எடுக்காமலே ஓமனில் தங்கலாம். “மாமா அங்கதான இருக்காங்க, இறங்கிப் பார்த்துட்டுப் போவோம்” என்றவர் என் வீட்டுக்காரர்தான். எனக்கு அது உறைக்கவில்லை. எத்தனையோ மாதம் திட்டம் போட்டு எத்தனையோ ஊரைப் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். அதில் அப்பா இருக்கும் ஊர் இல்லை.

போன் போட்டதும் அப்பா பதறினார். “மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு இங்க எதுக்குத் தாயி? நீங்க மஸ்கட்லயே இருங்க, ரெண்டு நாள் லீவு சொல்லிட்டு நான் வர்றேன்.” உங்கள் வீட்டிலும் இதையேதான் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு மஸ்கட்டிலேயே நின்றுவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

அப்பா இத்தனை வருடத்தில் அனுப்பிய எல்லாப் படத்திலும் பின்னால் கடல் இருக்கும், வெள்ளைக் கட்டடங்கள் இருக்கும், இஸ்திரி போட்ட சட்டை இருக்கும். அதுதான் அவர் வாழும் இடம் என்று நினைத்தே வளர்ந்தேன். அது மஸ்கட்டின் மத்ரா கடற்கரைச் சாலை. லீவுக்கு விமானம் ஏற வரும் நாளில் அங்கே நின்று எடுத்துக்கொண்ட படங்கள் அவை. அவர் இருப்பது அங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ஹைமாவில்.

சலாலா போகும் பேருந்தில் ஏறினோம். நிஸ்வா வரைக்கும் மலை கூடவே வருகிறது, பேரீச்சந்தோப்பும் வருகிறது. ஆதம் தாண்டியதும் எல்லாம் நின்றுவிடுகிறது. பாலைவனம் என்றால் மணல்மேடு என்று நினைத்திருந்தேன். இது மேடே இல்லை. சரளைக்கல் பரப்பிய கட்டாந்தரை, வானம் தொடும்வரைக்கும் ஒரே மட்டம். மணிக்கணக்கில் அதையே பார்த்துக்கொண்டு போனோம். ஹைமாவில் இறங்கியபோது சாயங்காலம் நாலு மணி. வெயில் முகத்தில் அடித்தது. பெட்ரோல் பங்க் ஓரத்தில் அப்பா நின்றிருந்தார். மதியத்திலிருந்தே நிற்கிறார் என்று பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார்.

அப்பா அங்கே தண்ணி வண்டி ஓட்டுகிறார். 5,000 கேலன் பிடிக்கும் நீல நிற டேங்கர். பாலைவனத்துக்குள் கிடக்கும் கேம்ப்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. டிரைவர் வேலை என்று தெரியும். எதை ஏற்றிப்போகிறார் என்று நான் கேட்டதே இல்லை. எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் தள்ளுவண்டியில் குடம் அடுக்கித் தண்ணீருக்கு அலைவது என்றால் என்னவென்று தெரியும். அம்மா அந்த வண்டியைத் தள்ளிய அதே வருடங்களில் அப்பா அங்கே ஊர் பேர் தெரியாதவர்களுக்கு லாரி லாரியாகத் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார். இதைப் பற்றி அவர்கள் இருவரும் போனில் ஒரு வார்த்தையாவது பேசியிருப்பார்களா, தெரியவில்லை.

அறையைக் காட்ட அவருக்கு மனசே இல்லை. மாப்பிள்ளை முன்னால் கூச்சம். நான்தான் விடாமல் கேட்டேன். போர்ட்டா கேபினில் இரண்டடுக்குக் கட்டில், நாலு பேர். கட்டிலுக்குத் தலைமாட்டில் என் பத்தாம் வகுப்புப் படம். வெளியே வந்தால், நம்பவே முடியவில்லை, முருங்கை மரம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றி வளர்த்திருக்கிறார். பக்கத்தில் கறிவேப்பிலைக் கன்று ஒன்று, வெயிலுக்குக் கோணி கட்டி. அன்று ராத்திரி முருங்கைக்கீரையும் நெத்திலிக் கருவாடும் சமைத்தார். அப்பா சமைத்து நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இதையெல்லாம் சொல்லி உங்களை அழவைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. நாம் ஏற்கெனவே நிறைய அழுதுவிட்டோம். வளைகுடா அப்பா என்றாலே தியாகம், மெழுகுவர்த்தி என்று மேடையில் பேசுவதும் அட்டையில் எழுதிக் கொடுப்பதும் நமக்குப் பழகிவிட்டது. அங்கே போனபிறகு எனக்கு அந்தச் சொல்லின் மேலேயே கோபம் வருகிறது. அப்படிச் சொல்லும்போது அவருடைய இருபத்து நான்கு வருடத்தையும் வெறும் இழப்பாக்கி மூடிவைத்துவிடுகிறோம். அங்கே அவர் வாழ்ந்திருக்கிறார்.

மறுநாள் காலையில் ஒரு ஹராசிஸ் கிழவர் பிக்கப்பில் வந்தார். அந்தப் பாலைவனத்தின் பூர்வகுடி அவர்கள். அப்பாவைக் கட்டிப்பிடித்து மூக்கோடு மூக்கு வைத்து சலாம் சொன்னார். ஒட்டகப் பால் கொண்டுவந்திருந்தார். இருவரும் தரையில் உட்கார்ந்து அரைமணி நேரம் அரபியில் பேசினார்கள். அப்பா கையை ஆட்டி ஆட்டிப் பேசினார், வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் வீட்டில் அவர் அதிகம் பேசாதவர். லீவுக்கு வந்தால் திண்ணையில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பார். அப்பாவுக்கு இப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது.

ஓரிக்ஸ் மான் கதையையும் அப்பா சொல்லித்தான் கேட்டேன். வெள்ளை உடம்பும் நெட்டைக் கொம்புமாக இருக்கும். காட்டில் மிஞ்சியிருந்த கடைசி மான்களையும் 1972இல் வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள். வெளிநாட்டில் வளர்த்தவற்றின் வம்சத்தைக் கொண்டுவந்து 1982இல் இதே பொட்டலில் திரும்ப விட்டார்கள், ஹராசிஸ் ஆட்களே காவல் காத்தார்கள். 1994இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய அந்த மான் சரணாலயம், பரப்பைப் பெரும்பகுதி வெட்டிவிட்டதால் 2007இல் பட்டியலிலிருந்தே போய்விட்டது. அப்படி நீக்கப்பட்ட முதல் இடம் உலகத்திலேயே அதுதான். அப்பா எட்டாவதோடு நின்றவர். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து இதை ஒரு வாத்தியார் மாதிரி சொன்னார். லூவர் அருங்காட்சியகத்தில் காதில் கருவி மாட்டிக்கொண்டு கேட்ட எதுவும் எனக்கு இப்போது நினைவில் இல்லை.

ஆகவே, போங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது, மே மாதம் வேண்டாம். ஓமனுக்கு 10 நாள் சுற்றுலா விசா 5 ரியால்தான். கேம்புக்குள் விடாவிட்டால் பக்கத்து ஊரில் அறை எடுங்கள். அவர் சாப்பிடும் கடையில் அவரோடு சாப்பிடுங்கள். போக முடியாதவர்கள் அவருடைய பொழுதையாவது தெரிந்துகொள்ளுங்கள். ஓமனில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மதியம் 12:30 முதல் 3:30 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை உண்டு. நம் நேரத்துக்கு அது 2 முதல் 5 மணி. அந்த நேரத்தில் போனில் கூப்பிடாதீர்கள், கண்ணயர்வதே அப்போதுதான். காலம்காலமாக நான் அந்த நேரத்தில்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாளும் அவர் எடுக்காமல் இருந்ததில்லை.

போனால் காகிதங்களையும் கேட்டுப் பாருங்கள். அப்பா ஒரு பிஸ்கட் டின்னில் எல்லாவற்றையும் வைத்திருந்தார், நாங்கள் மூவரும் உட்கார்ந்து பிரித்தோம். வேலையை விட்டு வரும்போது கிடைக்க வேண்டிய பணிக்கொடைக்கு முன்பெல்லாம் முதல் மூன்று வருடத்துக்கு வருடம் 15 நாள் அடிப்படைச் சம்பளம்தான் கணக்கு. 2023இல் வந்த புதிய தொழிலாளர் சட்டத்தில் அதை வருடத்துக்கு ஒரு மாதமாக்கியிருக்கிறார்கள். அப்பாவுக்கு அது தெரியாது. நாம் படித்ததே அவர் பணத்தில்தான். இதைப் படித்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

விசா கேன்சல் ஆகிவிட்டால் அந்த அறையில் வேறொருவர் வந்துவிடுவார். முருங்கையை அவர் வெட்டினாலும் வெட்டுவார். அதற்கப்புறம் எங்கே போய்ப் பார்ப்பீர்கள்?

அப்பா அடுத்த மார்ச்சில் முடித்துக்கொண்டு வருகிறார். அதற்கு முன்னால், ஜனவரியில், நான் திரும்பவும் போகிறேன். இந்த முறை வழியில் வேறு ஊர் எதுவும் இல்லை. அம்மாவும் வருகிறாள். போன வாரம்தான் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. என்ன பார்க்கணும்மா என்று கேட்டேன். மஸ்கட்டும் வேண்டாம், கடலும் வேண்டாமாம். “அந்தத் தண்ணி வண்டியில ஒரு தடவ ஏறி உக்காரணும்” என்றாள்.

இப்படிக்கு,
முதுகுளத்தூரிலிருந்து ஒரு மகள்